சைக்கிள் கேள்வி–பதில்: முதலில் பின்சக்கரத்தைப் பாருங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கையில் இருபது, இருபத்தைந்தாயிரம் இருக்கிறது, மலையடிவார மண்பாதைகளில் ஓட்ட ஒரு எம்டிபி (மவுண்டன் பைக்) சைக்கிள் வேண்டும், எதை வாங்குவது? நான் சேலத்தில், ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் பக்கமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். விடிகாலையில் நானும் அந்தப் பக்கத்து மண்தடங்களில் ஓட்டுகிறேன். மீதி நேரமெல்லாம் அங்கிருந்து அடிபட்டு வரும் சைக்கிள்களைச் சரிசெய்கிற வேலை. எந்தப் பாகம் தாங்குகிறது, எது முதலில் போகிறது என்று தினமும் கையால் தொட்டுப் பார்ப்பதால் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. அவற்றை மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. வார இறுதியில் சிறுமலை அடிவாரத்தில் ஓட்ட ஆசை. என் பட்ஜெட் 25,000 ரூபாய். கடையில் இரண்டு சைக்கிள் காட்டினார்கள். ஒன்று முன்னும் பின்னும் ஷாக், 21 கியர். இன்னொன்று முன்னால் மட்டும் ஷாக், 16 கியர் (முன்னால் 36, 22 பல், பின்னால் 11 முதல் 32 வரை). விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். டபுள் ஷாக் வண்டிதான் பார்க்க உண்மையான மவுண்டன் பைக் மாதிரி இருக்கிறது. எதை எடுக்கட்டும்?
– மாணவர், திண்டுக்கல்

இரண்டாவதை எடுங்கள் தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

பின்பக்க ஷாக் நன்றாக வேலை செய்ய வேண்டுமென்றால், அதற்குள் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் போதாது. அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தை அடக்க எண்ணெய் உள்ள அமைப்பு வேண்டும். சட்டம் மடங்கும் இடங்களில் நல்ல பேரிங் வேண்டும். இதெல்லாம் சேரும்போது விலை லட்சத்தைத் தாண்டிவிடும். 25,000 ரூபாய் வண்டியில் இருப்பது வெறும் ஸ்பிரிங்கும், பேரிங்குக்குப் பதிலாக பிளாஸ்டிக் புஷ்ஷும் (வளையமும்)தான். ஏற்றத்தில் நீங்கள் மிதிக்கிற மிதியில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங் அமுங்கியே தின்றுவிடும். இறக்கத்தில் ஒரு கல்லில் ஏறினால், அமுங்கிய வேகத்திலேயே உங்களைத் தூக்கிப் போடும். சில மாதத்தில் புஷ் தேய்ந்து பின்சக்கரம் பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும். அந்த அளவுக்குச் சரியான மாற்றுப் புஷ் எங்கேயும் கிடைக்காது; லேத்தில் கொடுத்துக் கடைந்துதான் போட வேண்டியிருக்கும். நான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கொஞ்ச நாளில் அதே ஆட்டத்தோடு திரும்பி வரும்.

அடுத்து, கடையில் எல்லோரும் முன் ஷாக்கை அமுக்கிப் பார்க்கிறார்கள். நான் சொல்வது, முதலில் பின்சக்கரத்தின் நடுப்பகுதியை, அதாவது ஹப்பைப் பாருங்கள். அங்கே கியர் பற்கள் பொருத்தப்படுவதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று பிரீவீல், மற்றது கேசட். பிரீவீல் என்பது பற்கள் மொத்தமும் ஒரே கட்டியாக ஹப்பின் மேல் மரைபோட்டு முறுக்கப்படுவது. அந்த ஏற்பாட்டில் வலப்பக்கத்து பேரிங், பிரீவீலுக்கு உள்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்துவிடும். பேரிங்கிலிருந்து சட்டம் வரைக்கும் அச்சு தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். ஏழு பல்சக்கரம் என்றால் அந்த நீளம் இன்னும் கூடும். தார் ரோட்டில் இது பிரச்சினை இல்லை. மண்பாதையில் பின்சக்கரம் கல்லிலும் வேரிலும் இடித்து இறங்கும்போது அச்சு முதலில் வளையும், அப்புறம் ஒருநாள் முறியும். கேசட் வகையில் பேரிங் கிட்டத்தட்ட வெளி ஓரத்திலேயே இருக்கும். அச்சு முழுவதும் தாங்கலோடு நிற்கும்.

இதில் ஒரு வரலாறும் இருக்கிறது. ஜப்பானின் சகாய் நகரில் 1921-ல் தொடங்கிய ஷிமானோ நிறுவனம் முதன்முதலில் செய்து விற்ற பொருளே பிரீவீல்தான். அதே நிறுவனம்தான் 1978-ல் கேசட் ஹப்பைக் கொண்டுவந்து, பிரீவீலின் இடத்தைப் பிடிக்க வைத்தது. தன் முதல் சரக்கைத் தானே மாற்றியது என்றால் காரணம் இல்லாமல் இருக்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டியைத் தூக்கிப் பிடித்து, பின்பற்களைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். மிகச்சிறிய பல்சக்கரத்துக்கு உள்ளே, அச்சைச் சுற்றி, கழற்றும் கருவி மாட்டுவதற்கான வரிவரியான பள்ளம் தெரியும். பற்களோடு சேர்ந்து அதுவும் சுற்றினால் கேசட். பற்கள் மட்டும் சுற்றி, அது அசையாமல் நின்றால் பிரீவீல். கடைக்காரருக்கே தெரியாமல் போகலாம். உங்களுக்கு அரை நிமிடம் போதும். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டாவது வண்டியில் சிறிய பல் 11 என்பதால் அது கேசட்டாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பிரீவீல்களில் பெரும்பாலும் 14-ல் தொடங்கும். இருந்தாலும் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

21 கியரா 16 கியரா என்பதைப் பற்றிக் கவலையே படாதீர்கள். மலையில் காலைக் காப்பாற்றுவது, இருப்பதிலேயே லேசான ஒரே ஒரு கியர்தான். வழக்கமான 21 கியர் வண்டியில் முன்னால் சிறியது 24 பல், பின்னால் பெரியது 28 பல். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 1.85 மீட்டர் போகும். நீங்கள் சொன்ன 16 கியர் வண்டியில் 22-க்கு 32. ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர். செங்குத்தான மண் ஏற்றத்தில் ஒன்றை இறங்கித் தள்ளுவீர்கள், மற்றதை மிதித்தே ஏறிவிடுவீர்கள்.

முன் ஷாக் பற்றியும் ஒன்று சொல்கிறேன். இந்த விலையில் வருவது இரும்பு ஸ்பிரிங் ஷாக். அதுவே இரண்டு கிலோவுக்கு மேல் எடை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை அமுக்கிவிடுங்கள். 'டக்' என்று அடித்துக்கொண்டு எழுந்தால் வேண்டாம். சீராக எழுந்தால் சரி. ஷாக்கே இல்லாத, நல்ல டயர் போட்ட சாதா ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) வண்டி குறைந்த விலைக்குக் கிடைத்தால் அதையும் நான் மறுக்க மாட்டேன். மோசமான ஷாக்கைவிட அது நிச்சயமாக மேல்.

வண்டியோடு தரும் கையேட்டில் எந்த வகைப் பாதைக்கானது என்று 1 முதல் 5 வரை ஒரு எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1 என்பது தார் ரோடு. 2 என்பது சரளைப் பாதை, 15 செ.மீ. வரையிலான சிறு குதிப்பு. 3 என்பதுதான் கரடுமுரடான டிரெயில் (மண்தடம்), 61 செ.மீ. வரை. அதற்கு மேல் உங்களுக்குத் தேவையில்லை. சில வண்டிகள் பெரிய டயரும் ஷாக்கும் வைத்துக்கொண்டு, சட்டத்தின் ஒரு மூலையில் 'கரடுமுரடான பாதைக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைத் தேடிப் படியுங்கள்.

25,000 முழுவதையும் வண்டியில் போட்டுவிடாதீர்கள். ஒரு நாலாயிரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். ஹெல்மெட், கைப்பம்ப், ஒரு உபரி டியூப், டயர் நெம்பி, அலன் கீ செட் எல்லாம் அதற்குள் வாங்கிவிடலாம். ஹெல்மெட் இல்லாமல் சிறுமலைப் பக்கம் போக வேண்டாம்.

வணக்கம். என் உயரம் 155 செ.மீ. கடையில் போய்க் கேட்டால் "26-ஆ, 27.5-ஆ, 29-ஆ?" என்றுதான் கேட்கிறார்கள். ஒருவர், "லேடீஸ் மாடல் எடுத்துக்கோங்க மேடம்" என்று கூடை வைத்த சைக்கிளைக் காட்டினார். எனக்குத் தேவை மண்பாதையில் ஓட்டுகிற சைக்கிள். எந்த சைஸ் வாங்க வேண்டும்?
– பள்ளி ஆசிரியை, ஈரோடு

நீங்கள் தொட்டிருப்பது நம் ஊர்க் கடைகளின் மிகப்பெரிய குறை. அவர்கள் சொல்லும் 26, 27.5, 29 எல்லாம் சக்கரத்தின் அளவு. உங்கள் உடம்புக்குப் பொருந்த வேண்டியது சட்டத்தின் அளவு. ஒரே 27.5 சக்கரத்தில் சிறிய சட்டம், நடுத்தரம், பெரியது என்று மூன்று நான்கு அளவுகள் செய்கிறார்கள். ஆனால் நிறைய கடைகளில் ஒரே ஒரு அளவை வாங்கி அடுக்கிவைத்துக்கொண்டு, சீட்டை ஏற்றி இறக்கி எல்லோருக்கும் விற்றுவிடுகிறார்கள்.

155 செ.மீ. உயரத்துக்கு எக்ஸ்எஸ் அல்லது எஸ் சட்டம் பாருங்கள். அங்குலக் கணக்கில் 13.5 முதல் 15.5 வரை. சக்கரம் 26 அல்லது 27.5 போதும், 29 வேண்டாம், உங்கள் உயரத்தில் வளைவுகளில் திருப்புவது சிரமம். கடையில் சீட்டுக்கு முன்னால் இறங்கி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, சட்டத்தின் மேல்குழாய்க்கு இருபுறமும் நில்லுங்கள். குழாய்க்கும் உங்களுக்கும் நடுவே குறைந்தது இரண்டு அங்குலம் இடைவெளி வேண்டும். மண்பாதையில் திடீரென்று இறங்கிக் கால் ஊன்றும்போது அந்த இடைவெளிதான் காப்பாற்றும். அப்புறம் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நீண்டிருந்தால் சட்டம் பெரியது என்று அர்த்தம். சீட்டை முன்னால் தள்ளி அதைச் சரிக்கட்டலாம் என்று கடையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், முழங்கால் வலி வந்துவிடும்.

பெண்களுக்கென்று தனி மாடல் தேடி அலைய வேண்டியதில்லை. சரியான சட்டத்தை எடுத்துவிட்டு மூன்று மாற்றங்கள் செய்யுங்கள். இடுப்பெலும்பின் அகலத்துக்கு ஏற்ற சீட் போடுங்கள். ஹேண்டில்பார் அதிக அகலமாக இருந்தால் இருபுறமும் கொஞ்சம் அறுத்துவிடச் சொல்லுங்கள். எந்தப் பட்டறையிலும் பத்து நிமிட வேலை. பிரேக் லீவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகினால் லீவர் கைக்கு அருகில் வரும். சிறிய கை உள்ளவர்களுக்கு இந்த ஸ்க்ரூ செய்யும் உதவி கொஞ்சநஞ்சமல்ல. பெரும்பாலான கடைகளில் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

எங்கள் ஊரில் எந்தப் பாதையில் இறங்கினாலும் சீமைக்கருவேல முள். வாரத்துக்கு ஒரு பஞ்சராவது ஆகிறது. காற்றை நன்றாக இறுக்கி 60 அடித்தால் முள் ஏறாது என்கிறார் பஞ்சர் கடைக்காரர். சரியா?
– வாசகர், ராமநாதபுரம்

சரியில்லை. அந்த முள் மோட்டார் சைக்கிள் டயரிலேயே ஏறும், 60 என்ன செய்துவிடும்? இறுக்கமான டயர் மண்ணைப் பிடிக்காது. கல்லில் துள்ளும், வளைவில் வழுக்கும்.

உங்கள் எடை எழுபது கிலோ பக்கம், டயர் 2.1 அல்லது 2.2 அங்குலம், உள்ளே டியூப் என்று வைத்துக்கொண்டால் முன்னால் 28, பின்னால் 32 பிஎஸ்ஐ-யில் (காற்றழுத்த அளவு) ஆரம்பியுங்கள். பாறை அதிகமான தடம் என்றால் இரண்டு மூன்று கூட்டுங்கள். அதற்குக் கீழே ரொம்பவும் இறக்கினால் டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி, பக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை விழும். பஞ்சர் பார்க்கும்போது அப்படி ஜோடி ஓட்டை இருந்தால் காற்று போதவில்லை, ஒற்றை ஓட்டை என்றால் முள் என்று புரிந்துகொள்ளலாம்.

முள்ளுக்கு மருந்து சீலன்ட். டயருக்குள் ஊற்றுகிற பால் மாதிரியான திரவம் அது. முள் குத்திய இடத்தில் வெளியே வந்து உடனே உறைந்து அடைத்துவிடும். முழு டியூப்லெஸ் ஆக மாற்ற, அதற்கேற்ற ரிம்மும் டயரும் வேண்டும். பட்ஜெட் வண்டிகளில் அது பெரும்பாலும் இருக்காது. அதனால் டியூபுக்குள்ளேயே சீலன்ட் ஊற்றுங்கள். வால்வின் உள்முனையைக் கழற்ற முடிகிற டியூபாக வாங்க வேண்டும், அவ்வளவுதான். கார், பைக்குக்குப் போடுகிற தடித்த வால்வு உள்ள டியூபில் அது எளிது; பெட்ரோல் பங்க்கிலும் காற்று அடித்துக்கொள்ளலாம். நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பாதையில் போகும்போது டயரில் முள் நிற்பதைப் பார்த்தால் உடனே பிடுங்காதீர்கள். சீலன்ட் ஊற்றியிருந்தால் பிடுங்கிவிட்டு, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வையுங்கள். ஊற்றவில்லை என்றால், முடிந்தவரை வீடு வரைக்கும் முள்ளோடு வந்துவிடுங்கள்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் விரல் மரத்துப்போகிறது. வண்டியில் கேபிள் டிஸ்க் பிரேக். எண்ணெய் பிரேக்குக்கு மாறலாமா?
– தனியார் நிறுவன ஊழியர், நாமக்கல்

மாறலாம். பட்ஜெட்டில் ஏதாவது ஒன்றுக்குக் கூடுதல் பணம் போடலாம் என்று யாராவது கேட்டால், நான் கைகாட்டுவது எண்ணெய் பிரேக்கைத்தான். ஒரு விரலால் அமுக்கினால் நிற்கும். பிரேக் கட்டை தேயத் தேய அதுவே சரிசெய்துகொள்ளும். ஷிமானோவின் ஆரம்பநிலை எண்ணெய் பிரேக்கே டிரெயிலுக்குப் போதுமானது. அதற்கு மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கான பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும். ஊர்ப் பட்டறையில் கொடுக்கும்போது இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் மாற்றுவதற்கு முன்னால் இருப்பதைச் சரியாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கேபிள் டிஸ்க் பிரேக்கில் வெளிப்பக்கக் கட்டை மட்டுமே நகரும். உள்பக்கக் கட்டை நிலையானது. அது தேய்ந்ததும், அலன் கீ வைத்துத் திருகி டிஸ்க்குக்கு மிக அருகில் கொண்டுவர வேண்டும். பலர் இதைச் செய்யாமல் கேபிளை மட்டும் இழுத்து இறுக்குகிறார்கள். அப்போது லீவரை எவ்வளவு அமுக்கினாலும் டிஸ்க் வளைகிறதே தவிர வண்டி நிற்காது, விரல்தான் வலிக்கும். துருப்பிடித்த கேபிளையும் உறையையும் மாற்றுங்கள். செயினுக்கு எண்ணெய் விடும்போது டிஸ்க்கில் ஒரு சொட்டும் தெறிக்கக் கூடாது. தெறித்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். கட்டையில் ஏறிவிட்டால் கட்டையைத் தூக்கிப்போட்டுப் புதிது போட வேண்டியதுதான்.

இறங்குகிற முறையும் முக்கியம். இறக்கம் முழுக்க இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதுதான் பெரும்பாலானோர் பழக்கம். டிஸ்க் ஆறவே நேரம் கிடைக்காது. வளைவுக்கு முன்னால் நேர்ப்பாதையிலேயே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் விட்டுவிடுங்கள். ஏற்காட்டின் 20 வளைவுகளைப் புதிதாக வருபவர்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

பிரேக் சூடு என்பது இந்த விளையாட்டு பிறந்த நாளிலிருந்தே கூட வருகிற தொல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டமால்பயஸ் மலைப் பகுதியில் சில இளைஞர்கள் 1930-கள், 40-களின் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் மண்சாலையில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். 1976-ல் முறையாகத் தொடங்கிய அந்தப் பந்தயத்தின் பாதை 1,300 அடி இறங்குகிறது. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற ஹப் பிரேக்தான் அந்த வண்டிகளில் இருந்தது. ஒரே இறக்கத்தில் உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். வீட்டுக்குப் போய் ஹப்பைப் பிரித்துப் புதிதாக கிரீஸ் அடைத்தால்தான் மறுபடி இறங்க முடியும். அப்படி மீண்டும் அடைப்பதை வைத்தே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. மவுண்டன் பைக் என்று தனியாக ஒரு வண்டி உருவானது அந்த இறக்கத்தில்தான். 20 ஆண்டு கழித்து, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது பதக்கப் போட்டியாகிவிட்டது.

என் மகனுக்கு 13 வயது, உயரம் 148 செ.மீ., எடை 40 கிலோ. நாலு அங்குல டயர் போட்ட ஃபேட் பைக்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?
– ஒரு தந்தை, சென்னை

வேண்டாம் சார். அந்த அகல டயர் பனியிலும் ஆற்றுமணலிலும் புதையாமல் ஓட்டுவதற்காக வந்தது. குறைந்த விலையில் விற்கும் ஃபேட் பைக் ஒன்று 18 கிலோ வரை இருக்கும். உங்கள் பையனின் எடையில் கிட்டத்தட்ட பாதி. ஒரு மேம்பாலம் ஏறுவதற்குள் களைத்துப்போவான், பத்து நாளில் வண்டி மாடிப்படிக்குக் கீழே நிற்கும்.

24 அல்லது 26 அங்குலச் சக்கரம், சிறிய அலுமினியச் சட்டம், ஷாக் இல்லாத ஃபோர்க், ரிம்மைப் பிடிக்கும் சாதாரண வி-பிரேக், 2 அங்குல டயர், ஏழு எட்டு கியர். இந்தமாதிரி லேசான வண்டியில் அவன் ஒருநாள் ஓட்டிப் பார்க்கட்டும். கடைக்கு அவனையே கூட்டிப் போங்கள். இரண்டு வண்டியையும் அவன் கையாலேயே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை பிள்ளைகள் அந்த இடத்திலேயே மனம் மாறியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். கலரை அவன் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள், அதில் தலையிடாதீர்கள்.

புது வண்டிக்குக் கொடுக்கிற பணத்தில் இரண்டு படி மேலான பழைய வண்டி கிடைக்கிறது. செகண்ட் ஹேண்ட் வாங்கினால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகர், கோயம்புத்தூர்

பழையது வாங்குவது நல்ல யோசனை. கோவையில் சைக்கிள் ஓட்டுகிற கூட்டம் பெரிது. புது மாடல் வந்ததும் விற்றுவிடுகிறவர்களும் அதிகம். 25,000-க்கு எண்ணெய் பிரேக்கும் கேசட் ஹப்பும் உள்ள பழைய வண்டி கிடைத்தால், அதே விலைப் புது வண்டியைவிட நான் அதைத்தான் எடுப்பேன்.

வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள், ராத்திரியில் போகாதீர்கள். முதலில் சட்டம். ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடம், பெடல் அச்சு இருக்கும் இடம், சீட் குழாய் சேரும் இடம். இந்த மூன்று இடத்திலும் வெல்டிங் ஓரமாக விரலை ஓட்டுங்கள். பெயின்ட்டில் தலைமுடி மாதிரி கோடு இருந்தால் அது விரிசலாக இருக்கலாம். அலுமினியச் சட்டத்தில் விரிசல் என்றால் பேரம் பேசவே வேண்டாம், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது செயின். ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுத்துப் போங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளியிருக்கும் பின்னின் நடுவரை அளந்தால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பின்பற்களும் தேய்ந்துபோயிருக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

பிறகு சக்கரத்தைப் பக்கவாட்டில் அசையுங்கள், கிராங்க்கை (பெடல் மாட்டும் தண்டை) அசையுங்கள், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் உலுக்குங்கள். எங்கே லொடலொட என்று ஆட்டம் இருக்கிறதோ அங்கே பேரிங் வேலை இருக்கிறது. இவை சரிசெய்யக் கூடியவை, பயப்பட வேண்டாம். ஷாக்கின் பளபளப்பான கால்களில் ஆழமான கீறல் இருந்தால் மட்டும் யோசியுங்கள், அந்தக் கீறல் வழியாகத் தூசி இறங்கி உள்ளே எல்லாவற்றையும் தேய்த்துவிடும்.

பில் கேளுங்கள். பில் தொலைந்துவிட்டது என்றால், பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் சட்ட எண்ணைப் படமெடுத்துக்கொண்டு, விற்பவரிடம் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டாவது வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டு வண்டிகள் புழங்குகிற சந்தை அது.

காட்டுக்குள் போகும் டிரெயில்களில் ஓட்ட ஆசை. ஆனைகட்டிப் பக்கம் போகலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பாதுகாப்பா?
– வாசகி, கோயம்புத்தூர்

மெயின் ரோட்டில் ஓட்டுவது வேறு, அங்கிருந்து காட்டுத் தடத்தில் இறங்குவது வேறு. ரிசர்வ் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், அது யானைகள் நடமாடுகிற பூமி. சைக்கிள் சத்தமில்லாமல் போகும். ஒரு வளைவில் திரும்பும்போது பத்தடியில் யானை நின்றால், அதற்கும் உங்களைத் தெரிந்திருக்காது, உங்களுக்கும் அதைத் தெரிந்திருக்காது. அந்தத் தடத்தில் யானையைவிட வேகமாகச் சைக்கிளில் போய்விடலாம் என்று நம்பாதீர்கள். தயவுசெய்து போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொங்கு நாட்டில் டிரெயிலுக்குப் பஞ்சமே இல்லை. தோட்டங்களுக்கு நடுவே இருபுறமும் வேலியோடு போகிற இட்டேரிகள் இன்னும் நிறைய மிச்சம் இருக்கின்றன. ஒற்றைத் தடம், மணல், கல், திடீர்த் திருப்பம், குறுக்கே ஓடும் மயில் என்று எல்லாமே அதில் உண்டு. குளத்துக் கரைகள், வாய்க்கால் கரைகள், மானாவாரி நிலங்களின் வண்டித்தடங்கள் எல்லாம் அருமையான பயிற்சி இடங்கள். நிலத்துக்காரரைப் பார்த்தால் இறங்கி ஒரு வார்த்தை கேளுங்கள். மழை பெய்த மறுநாள் மண்கரைகளில் ஓட்டாதீர்கள். டயர் பதிந்த தடத்தில் தண்ணீர் ஓடி ஓடைபோல அறுத்துவிடும். அந்தக் கரையை நம்பித்தான் அங்கே விவசாயம் நடக்கிறது. ஆட்டுமந்தை எதிரே வந்தால் நின்று வழிவிடுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய எம்டிபி பெட்டியில் வந்திருக்கிறது. 85 சதவீதம் பொருத்தியாகிவிட்டது, மீதியை நீங்களே மாட்டலாம் என்று எழுதியிருக்கிறது. நானே மாட்டலாமா?
– வாசகர், வாணியம்பாடி

மாட்டலாம், ஆனால் ஏலகிரி ஏறி இறங்குவதற்கு முன்னால் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் மாட்டும்போது மூன்று இடத்தில் கவனம். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும். எல் என்று எழுதியிருப்பதை இடப்பக்கம் வைத்து, இடஞ்சுழியாகக் கையாலேயே முறுக்க ஆரம்பியுங்கள். முதலிலேயே ஸ்பேனர் வைத்து வலிந்து திருகினால் கிராங்க்கின் மரை அழிந்துவிடும். ஃபோர்க்கைப் பின்பக்கம் திருப்பி மாட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். முன் டிஸ்க் பிரேக் உங்கள் இடது கைப்பக்கம், ஃபோர்க் காலுக்குப் பின்னால் இருக்க வேண்டும்; அப்படி இருந்தால் சரி. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் நான்கு போல்ட்டுகளையும் ஒரே சீராக, குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

புது பிரேக்கையும் பழக்க வேண்டும். ஆளில்லாத சாலையில் 25 கி.மீ. வேகம் எடுத்து, முழுக்க நிற்காமல் நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியாக இப்படி இருபது முறை செய்தால் நன்றாகப் பிடிக்க ஆரம்பிக்கும். பெட்டியில் வரும் சக்கரங்களில் ஸ்போக் கம்பிகள் இயந்திரத்தில் இறுக்கியவை. மண்பாதையில் முதல் சில ஓட்டத்திலேயே தளர்ந்துவிடும். கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கையால் நெருக்கிப் பாருங்கள். ஒரு ஜோடி மட்டும் தொளதொளவென்று இருந்தால், மேலே ஓட்டாமல் பட்டறைக்குக் கொண்டுபோய் இறுக்கிக் கோட்டம் எடுத்துக்கொள்ளுங்கள்.